சிவப்பு அம்பு

சித்திரை மாதத்து மதியம் இரண்டரை மணிக்குத் துப்பறியக் கிளம்புவதைப் போன்ற மடத்தனம் வேறு இல்லை. எந்தக் குற்றவாளியும் அந்த நேரத்தில் ஃபேனைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்திருப்பான். நாங்கள்தான் திருப்பூர் அனுப்பர்பாளையத்துத் தூசியைத் தின்றுகொண்டு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம்.

"ராணி, நெழலாப் பாத்து நிறுத்து" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த தீனதயாளன் சார்.

செல்லாண்டி நகர் முழுக்கத் தேடிவிட்டேன். தெருவிலேயே நிழல் இருந்த ஒரே இடம் எங்கள் கட்சிக்காரர் வீட்டு வாசல்தான். அங்கேயே ஸ்டாண்டு போட்டேன்.

என் பெயர் விஜயராணி. ஊர் சங்கரன்கோவில் பக்கம். பனியன் கம்பெனி செக்கிங்கில் சேர்ந்து, தைத்த பீஸில் ஓட்டை கண்டுபிடித்து அலுத்துப்போய், இப்போது மனிதர்களில் ஓட்டை கண்டுபிடிக்கிறேன். சார் என் முதலாளி, தனியார் துப்பறிவாளர். சரக்கோடு மாயமான லாரி, அட்வான்ஸோடு மாயமான கான்ட்ராக்டர் இப்படித்தான் அவருக்கு வழக்குகள் வரும். சர்க்கரை, இடுப்புவலி, அலுப்பு மூன்றும் அவருக்கு உண்டு. முதல் இரண்டுக்கு மாத்திரை போடுகிறார்.

கேட்டைத் திறந்த சத்யப்பிரியா அவரைவிட அலுத்துப்போயிருந்தார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மாதாமாதம் சாருக்கு ரத்தம் எடுப்பவர் அவர்தான். ஊசி வைத்திருப்பவரிடம் வழக்கு வேண்டாமென்று சொல்ல முடியுமா?

"வாங்கண்ணா. மோரு கொண்டாரட்டுங்களா?"

"மோரு அப்பறம் கண்ணு. முதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

அவர் போர்ட்டிகோ படியிலேயே உட்கார்ந்தார். தெருவில் எல்லார் மொட்டை மாடியிலும் சோலார் போடலாமென்று பேச்சு வந்ததாம். தனித்தனியாக வாங்கினால் ஒரு விலை, பத்து வீடாவது சேர்ந்து வாங்கினால் வேறு விலை என்று சோலார் கம்பெனிக்காரர்கள் சொன்னார்களாம்.

"ஆராச்சும் ஒருத்தர் முன்னாடி நிக்கோணுமுங்களே. நானே நிக்கறேன்னு வாயக் குடுத்துட்டேனுங்க. பொங்கலுக்குப் புடிச்சு இதே வேலைங்கண்ணா. கரண்டு ஆபீசு, பேங்கு, ஒவ்வொரு ஊட்டுக்கும் போயி சொன்னதையே சொல்லி... ராத்திரி வானம் மூட்டமா இருந்தா கரண்டு வருமான்னு ஒருத்தர் போன் பண்ணிக் கேக்கறாருங்க. ராத்திரிக்கு மூட்டம் எதுக்குங்க?"

"எத்தனை ஊடு சேந்துச்சு?"

"பதிமூணு. நம்பிக்கையில லோடைக்கூட இறக்கிட்டுப் போயிட்டாங்க. போன வாரம் ஒரே நாள்ல பத்து ஊடு கழண்டுக்கிச்சு. இப்ப மூணுதான் நிக்குது. பத்து தேறலீன்னா இன்னிக்கு அஞ்சு மணிக்கு வந்து எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிருவாங்க."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டா 'பாக்கலாமுங்க'ங்கறாங்க."

சாரும் சத்யப்பிரியாவும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். கொங்கு நாட்டில் 'பாக்கலாமுங்க' என்றால் என்ன அர்த்தமென்று எனக்கு இங்கே வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் புரிந்தது. எங்கள் ஊரில் மாட்டேன் என்றால் மாட்டேன் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வோம். இங்கே அதையே கும்பிட்டுச் சொல்வார்கள்.

"அது போகுதுங்கண்ணா. ரேட்டுப் போனாலும் போகட்டும்." சத்யப்பிரியாவின் குரல் இறங்கியது. "தெருவுல நான் வந்தா பேச்ச நிறுத்திக்கறாங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்? அப்பறம் இதைப் பாருங்க."

போர்ட்டிகோவில் சோலார் தகடுகள் கட்டுக்கட்டாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தன. அவற்றில் இரண்டு மட்டும் அட்டை பிரிக்கப்பட்டு, காம்பவுண்டுச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில், வானத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றன.

"தெனமும் விடியறப்ப யாரோ வந்து பிரிக்கறாங்க. கட்டுக்கு ஒண்ணா எடுத்து ஜோடியா நிறுத்தி வெக்கறாங்க. ஒண்ணும் களவு போகலீங்க. இன்னிக்குக் காலைல ஜன்னல் வழியாப் பாத்தேன். ஒரு சேலைத் தலப்பு அந்தப் பக்கத்துக் கேட்டுக்குள்ள போச்சு." அவர் பக்கத்து வீட்டைக் காட்டவில்லை, கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினார். "மயிலாளக்கா ஊடுங்க. நான் கல்யாணமாகி வந்ததுல இருந்து எனக்குத் தாய் மாதிரி. அவங்களும் பாக்கலாமுங்கன்னுட்டாங்க. ஆரு கெடுக்கறாங்கன்னு கண்டுபுடிங்கண்ணா. ஆனா அது மயிலாளக்காவா மட்டும் இருக்கக்கூடாது."

முடிவையும் தானே சொல்லிவிட்டு வழக்குக் கொடுக்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சார் தகடுகளுக்கு முன்னால் முனகிக்கொண்டே குந்தினார். நானும் குனிந்தேன். ஒரு தகட்டின் மூலையில் விரல்நகம் அளவுக்குச் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"சார்! அம்பு ஸ்டிக்கர்!"

துணியில் கறையோ ஓட்டையோ தையல் விட்ட இடமோ இருந்தால், செக்கிங்கில் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன அம்பு ஒட்டுவோம். ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கிறேன். கனவிலெல்லாம் வரும்.

"திருட வந்தவன் தூக்கிட்டுல்ல போவான்? இந்த ஆளு சரக்கைச் செக் பண்ணிட்டுல்ல போயிருக்கு. மரியாதை தெரிஞ்ச ஊரு சார்" என்றேன். "செக்கிங் தெரிஞ்ச ஆளுதான். புடிச்சிரலாம்."

"திருப்பூர்ல செக்கிங் தெரிஞ்ச ஆளத் தேடறது, கெணத்துல தண்ணியத் தேடற மாதிரி" என்றார் சார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி. "மயிலாள் ஊடு கடைசியா இருக்கட்டும். வா, முதல்ல நாலு ஊடு ஏறி எறங்குவோம். இந்த வெயிலுக்கு அது ஒண்ணுதான் கொறைச்சல்."

முதல் வீடு கட்டிங் மாஸ்டர் சசிகுமாருடையது. வாரக் கடைசி லீவில் இருந்தார். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, டீ கொடுத்து, முறுக்கும் கொடுத்தார். கேள்விக்குப் பதில் மட்டும் கொடுக்கவில்லை.

"ஏனுங்க சோலார்ல இருந்து வெலகீட்டீங்க?"

"வெலகலீங்க. பாக்கலாமுங்கன்னு சொல்லியிருக்கறேன்."

"சத்யப்பிரியா மேல ஏதாச்சும் சங்கடமுங்களா?"

"சேச்சே. தங்கமான புள்ளைங்க." அவர் முறுக்குத் தட்டைச் சாரின் பக்கம் தள்ளினார். "ஆனா ஒண்ணுங்க. ஊரையே வாங்கச் சொல்றவங்க அவங்க ஊட்டுக்கு ஒண்ணுகூட வாங்கலீங்களாமா. தன்ற கம்பெனி பனியனைத் தானே போடாத முதலாளின்னா, சரக்கு எப்படி இருக்குமுன்னு நமக்குத் தெரியாதுங்களா?"

சார் என்னைப் பார்த்தார். இது சத்யப்பிரியா எங்களிடம் சொல்லாத விஷயம். நான் சுவரைப் பார்த்தேன். காலண்டரில் அமாவாசையைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் கீறல் விழுந்த இடத்துக்கு ஒரு அம்பு. பிள்ளை வரைந்து ஒட்டிய படத்தில், 'அப்பா' என்ற இடத்துக்கு ஒரு அம்பு.

இரண்டாவது வீட்டில் கேஸ் சிலிண்டர் மேல் அம்பு. மூன்றாவது வீட்டில் ஒரு கைக்குழந்தையின் நெற்றியில் அம்பு, பொட்டுக்குப் பதிலாக. நான்காவது வீட்டைவிட்டு வெளியே வந்தபோது எனக்கு நாக்குத் தள்ளியது.

"சார், நான் போயி வண்டியிலயே உக்காந்துக்கிடுதேன். இந்தத் தெருவுல அம்பு இல்லாத வீடே கெடையாது."

சார் நடுத்தெருவில் நின்றுவிட்டார். வெயில் அவர் வழுக்கையில் அடித்தது.

"ஏன் ராணி, அதைத்தானே தேடியிருக்கோணும்? அம்பு இல்லாத ஊடு எது?"

மிச்ச வீடுகளிலும் எட்டிப் பார்த்தோம். அம்பு இல்லாத வீடு மூன்று இருந்தது. பித்தளைப் பாத்திரப் பட்டறை வைத்திருக்கிற பெருமாள்சாமி. மாரியம்மன் கோயில் பூசாரி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு டிரைவர். மூவருக்கும் பனியன் கம்பெனிக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அதைவிட முக்கியம், சோலாரிலிருந்து விலகாமல் நின்ற மூன்று பேரும் அவர்கள்தான்.

"பனியன்காரங்க பத்துப் பேரும் ஓடிட்டாங்க. மத்தவங்க மூணு பேரும் நிக்கறாங்க" என்றார் சார். "எல்லாருக்கும் ஒரே சேதிதான் போயிருக்குது. அது பனியன்காரங்க காதுல மட்டும் வேற மாதிரி உழுந்திருக்குது. என்ன சேதி அது?"

பெருமாள்சாமியின் பட்டறையில் ஒரு அண்டாவின் அடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷம் இருந்தால் காது போய்விடும். சார் கத்திக் கேட்டார், பெருமாள்சாமி கத்திப் பதில் சொன்னார்.

"நான் எதுக்குங்க வெலகோணும்? வெயிலு நம்முளுது, சும்மாக் கெடக்குது! போன வாரங்கூட அந்தப்புள்ள போன்ல பேசிப் போட்டிருந்துச்சுங்களே! நல்லாத்தானே சொல்லியிருந்துச்சு!"

"அதக் கொஞ்சம் போடுங்க!"

அண்டாவை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் தெரு வாட்ஸ்அப் குழுவில் இருந்த குரல் பதிவைப் போட்டார். சத்யப்பிரியாவின் குரல், அலுப்போடு, ஆனால் நம்பிக்கையோடு:

"எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நீங்கெல்லாம் கம்பெனிக்குப் போயிருந்த நேரத்துல இஞ்சினியரு வந்து பாத்துட்டாருங்க. நம்ம செட்டுல ஏழு ஊட்டுக்கு ஷேடு வருதுங்களாமா. ஆரும் பயப்பட வேண்டாமுங்க. ஷேடு வர்ற ஊட்டுக்கெல்லாம் ரேட்டுக் கொறச்சுத் தரோணுமுன்னு நான் சண்டை போட்டுச் சொல்லியிருக்கறேனுங்க."

ஷேடா! செக்கிங்கில் நான் அதிகம் பயந்த வார்த்தை.

ஒரே நிறத் துணியை இரண்டு தடவையாகச் சாயம் போட்டால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மயிரிழை வித்தியாசம் வரும். அதற்குப் பெயர் ஷேடு. ஷேடு வந்த சரக்கை வெளிநாட்டுக்காரன் முகத்தில் விட்டெறிவான். பிறகு ரேட்டைக் குறைத்து எவன் தலையிலாவது கட்டுவார்கள். இந்த ஊரில் ஷேடு என்ற வார்த்தையைக் கேட்டு அழாத கம்பெனி இல்லை.

"சார்!" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அந்தம்மாவே வாயால ஒத்துக்கிட்டாங்க! கழிச்ச சரக்கைத் தெருவுக்குத் தள்ளுதாங்க! அதான் அவங்க வாங்கல! நம்ம கட்சிக்காரரே கள்ளி சார்! ஐயோ, அந்தப் படியில உக்காந்து என்னமா பொலம்புனாங்க!"

சார் என்னைச் சட்டை செய்யவே இல்லை. பெருமாள்சாமியிடம் திரும்பினார்.

"ஷேடுன்னா உங்களுக்கு என்னன்னு வெளங்குச்சுங்க?"

பெருமாள்சாமி எங்களைப் பாவமாகப் பார்த்தார். "நெழலுங்க. மரத்து நெழலு, தொட்டி நெழலு மொட்டை மாடியில உழுந்தா கரண்டு கொறையுமல்லங்க? அதுக்கு அந்த ஊட்டுக்குப் பேனலு கொறச்சுப் போட்டு, ரேட்டும் கொறச்சுக்குவாங்க. இதுல என்னங்க இருக்குது?"

அண்டாவை மறுபடி தட்ட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தட்டும் என் மண்டையில் விழுந்தது.

"ஏழு வருசம் செக்கிங்" என்றார் சார் என்னிடம், வெளியே வந்ததும்.

"சும்மா இருங்க சார். நானே நொந்து கெடக்கேன்."

"நீ நோகாத. நீ இப்படிக் கேட்டதாலதான் தெருவே எப்படிக் கேட்டுச்சுன்னு தெரிஞ்சுது. ரத்தம் எடுக்கற புள்ளைக்கு ஷேடுன்னா நெழலு. இஞ்சினியரு சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லிப்போட்டா. திருப்பூர்ல சொல்லலாமா அந்த வார்த்தைய?" அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஆனா இன்னும் ஒண்ணு பாக்கி. அவ ஏன் வாங்கல?"

மணி நாலரையைத் தாண்டியிருந்தது. மயிலாள் வீட்டு மாடிப்படியில் ஏறினோம். இரண்டாம் மாடிக்கு மேல் உயரமாகத் தகரக் கொட்டகை போட்டு, உள்ளே இரண்டு ஓவர்லாக் தையல் மிஷின்கள். அவர் மட்டும் ஒரு மிஷினில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும், சுவரில் ஒட்டியிருந்த அம்பு ஸ்டிக்கர் தாளைப் பார்த்தார். பிறகு மிஷினை நிறுத்திவிட்டுத் தானே கீழே இறங்கி வந்தார். நேராகச் சத்யப்பிரியாவின் வாசலுக்கு நடந்தார்.

"நான்தானுங்க" என்றார் அங்கே வந்ததும், சத்யப்பிரியாவைப் பார்க்காமல். "வெள்ளன எந்திரிச்சு வந்து பிரிச்சது நான்தான். எளஞ்சூரியன்லதானுங்க ஷேடு தெரியும்."

சத்யப்பிரியா கேட்டைப் பிடித்துக்கொண்டார். "எதுக்குங்க்கா?"

"அவனுங்க உன்னைய ஏமாத்திப்போட்டானுங்க புள்ளே. உனக்கு ஷேடைப் பத்தி என்ன தெரியும்? எது எது கழிசல்னு பாத்து அம்பு ஒட்டி வெச்சா, இன்னிக்கு லாரி வரும்போது நீ அதைக் காட்டிச் சண்டை போடலாமுல்ல? உன்ற பேரு கெடக்கூடாதுன்னுதான்."

"கண்டுபிடிச்சீங்களா?" என்றேன் நான்.

"அதுதான் கண்ணு வெளங்கல" என்றார் மயிலாள் எரிச்சலோடு. "எல்லா எழவும் ஒரே கருப்பு. ஒண்ணுல மட்டும் மூலையில கீறலு. அதுக்கு ஒட்டினேன்."

சிரிப்பை அடக்க நான் தார்ப்பாயைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். சார் ஷேடு விவகாரத்தை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். மயிலாள் வாயைப் பொத்திக்கொண்டார். சத்யப்பிரியா கேட்டிலேயே தலையைச் சாய்த்துவிட்டார்.

"ஐயோ, என்ற வாயிலதானா..." என்றார். "ஒருத்தராச்சும் என்னைக் கேட்டிருக்கலாமே. நீங்களாச்சும் கேட்டிருக்கலாமேக்கா."

"எப்படிக் கேக்கறது மொகத்தைப் பாத்து? நீ வேற உனக்கு வாங்கல. ஏன் வாங்கலைன்னா சிரிச்சு மழுப்பற. நான் என்னத்த நெனைக்கறது?"

சத்யப்பிரியா கேட்டுத் தாழ்ப்பாளைத் திருகினார். லாரி ஒன்று தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டது.

சார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ராணி, வண்டிய எங்க நிறுத்தின?"

"என்ன சார் இப்பப் போயி... இந்தா, இங்கனதான். தெருவுலயே நெழலு கெடக்கறது இந்த ஒரு இடந்தானே."

சொல்லிவிட்டு நானே வாயை மூடிக்கொண்டேன். ஸ்கூட்டர், வாசல், போர்ட்டிகோ, சத்யப்பிரியாவின் மொட்டை மாடி எல்லாமே நிழலில் கிடந்தன. மயிலாள் தலையைத் தூக்கிப் பார்த்தார். மேலே அவருடைய தகரக் கொட்டகை வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது.

"என்ற மாடியா புள்ளே?"

"காலைல வேப்பமரம்" என்றார் சத்யப்பிரியா தரையைப் பார்த்து. "மத்தியானத்துக்கு மேல உங்க கொட்டாய். என்ற ஊட்டுக்கு ஒரு பேனல்கூட பிரயோசனமில்லைன்னு முதல்லயே சொல்லிட்டாங்கக்கா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொட்டாயப் பிரிச்சுப் போட்டிருப்பேனே!"

"அதுக்குத்தான் சொல்லல. பிரிச்சுட்டு மிஷினை எங்க போடுவீங்க?" அவர் போர்ட்டிகோ படியைக் காட்டினார். "கரண்டு பில்லு கட்ட முடியல, மிஷினை வித்துப்போடறேன்னு மாட்டுப் பொங்கலன்னிக்கு இந்தப் படியில உக்காந்து அழுதீங்களே, ஞாபகமிருக்குதா? அடுத்த நாளே சோலார்காரங்கிட்டப் போனேன். ஒரு ஊட்டுக்குன்னா உங்களுக்குக் கட்டுப்படியாகாத ரேட்டு. பத்து ஊடுன்னா கட்டுப்படியாகும். உங்க ஒருத்திக்காக நான் தெருவையே சேக்க வேண்டியதாப் போச்சு. எனக்கென்ன இது வேண்டுதலா?"

மயிலாள் தகட்டின் அருகே போய், நகத்தால் அந்தச் சிவப்பு அம்பை உரித்தார். கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் திகைத்தார். தன் சேலை மேல், நெஞ்சுக்கு நேராக, அதை ஒட்டிக்கொண்டார்.

"டேமேஜு இங்க புள்ளே" என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

லாரி வாசலில் வந்து நின்றது. மயிலாள் மூக்கைச் சிந்திவிட்டுப் போனை எடுத்துக் குழுவில் பேசினார். "மயிலாள் பேசறேனுங்க. ஷேடுன்னா நம்ம ஷேடு இல்லீங்க. நெழலு! நெழலுங்க! அல்லாரும் ஒடனே சத்யா ஊட்டுக்கு வாங்க. பாக்கலாமுங்கன்னு எவனாச்சும் சொன்னீங்கன்னா நான் அங்க வந்துருவேன்."

கேட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதலில் வந்தவர் சசிகுமார்தான். தலையைச் சொறிந்தார், செருப்பைப் பார்த்தார், லாரிக்காரரிடம் இறக்கின சரக்கு இறக்கினதாகவே இருக்கட்டும் என்றார். அவருக்குப் பின்னால் நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பத்தைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அதற்குள் சண்டையும் தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டு மேல் விழுவது யாருடைய தென்னை நிழல், உங்கள் தொட்டியை நகர்த்தினால் என்ன என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"ஏனுங்க சத்யா" என்றார் சசிகுமார், குழைந்தபடி. "எங்க மேலதானுங்க தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க. நீங்களே முன்னாடி நின்னு இதை முடிச்சுக் குடுத்துப்போடுங்க."

சத்யப்பிரியா அவரைப் பார்த்தார். தெருவையும் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் குவித்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"பாக்கலாமுங்க."

தெரு கப்சிப் என்றானது. அந்த வார்த்தைக்கு அங்கே யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் நிக்கறேன்" என்று மயிலாள் முன்னால் வந்தார், நெஞ்சில் அம்போடு. "சசி, நீ மொதல்ல உன்ற தொட்டிய நகத்து. சத்தம் போடாம அல்லாரும் பெருமாள்சாமி பட்டறைக்கு நடங்க, அங்க பேசிக்கலாம்."

பட்டறையில் என்ன பேசினாலும் காதில் விழாது என்று சொல்ல வாயெடுத்தேன். சார் என் கையை அழுத்தினார். கூட்டம் போனதும் சத்யப்பிரியா படியில் உட்கார்ந்தார். மோர் கொண்டுவருவதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலை தூணில் சாய்ந்தது. பொங்கலிலிருந்து தூங்காத தூக்கமாக இருக்கும். மயிலாளின் கொட்டகை நிழல் அவர் மேல் முழுசாக விழுந்திருந்தது.

நான் வண்டிச் சாவியைத் திருகப் போனேன்.

"ஸ்டார்ட் பண்ணாத" என்றார் சார் ரகசியமாக. "தள்ளு."

தெருமுனைவரை அந்த வெயிலில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனோம்.